காலை நேரம் யாருக்கு?

குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கிற, எழுதுகிற, வரைகிற, பாடுகிற, நாடகம் போடுகிற தம்பதிகளுக்கு,

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். சிலரோடு பேசிப் பழக்கமும் உண்டு. மைசூருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், பெங்களூரின் நெரிசல் தாங்காமல் வந்தவர்கள், என்னைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் எல்லாரும் உங்களில் இருக்கிறீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே ஒரு கலையைச் செய்பவர்கள் உண்டு. ஒருவர் எழுத, மற்றவர் மண்ணைக் குழைத்துப் பானை வனையும் வீடுகளும் உண்டு. சில காலமாக உங்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. எச்.டி. கோட்டைப் பக்கமோ குடகிலோ கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும், சின்னதாக வீடு கட்ட வேண்டும், மரங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு எழுத வேண்டும், வரைய வேண்டும். "தேஜஸ்வி மாதிரி இருந்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். எல்லாரும் தலையசைப்பார்கள்.

அந்த வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல்.

பூர்ணசந்திர தேஜஸ்வியை ஆசைப்படத் தகுந்த முன்மாதிரி என்றுதான் நானும் நினைக்கிறேன். கன்னடத்தின் மகாகவி குவெம்புவின் மகன். மைசூரு ஒண்டிகொப்பலில் உள்ள 'உதயரவி' வீட்டில் வளர்ந்தவர். படிப்பை முடித்ததும் கல்லூரி ஆசிரியர் வேலை, அரசு வேலை என்று எதையும் தேடாமல் மலைநாட்டுக்குப் போய் மூடிகெரே பக்கம் காப்பித் தோட்டம் போட்டார். 'கர்வாலோ' நாவல் 1980இல் வந்தது. 'சிதம்பர ரகசியம்' நாவலுக்கு 1987இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பறவைகளைப் படம் பிடித்தார், மீன் பிடித்தார், ஓவியம் வரைந்தார், கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார், கணினியில் கன்னடம் வருவதற்காக மெனக்கெட்டார். 2007 ஏப்ரல் 5ஆம் தேதி தன் தோட்டத்து வீட்டிலேயே இறந்தார். ஒரு மனிதன் இவ்வளவையும் செய்ய முடிந்ததே என்று வியக்காமல் இருக்க முடியாது.

ஆனால் அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். ராஜேஸ்வரி. மைசூருப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். இருவரும் மாணவர்களாக இருந்தபோது பழக்கமானவர்கள். நீங்கள் நடக்கிற இந்த ஏரியை ஒட்டியிருக்கிற, அந்தப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகம் அப்போது புதிது. அதற்குப் பெயர் வைத்தவரே குவெம்புதான். 1966இல் திருமணம். படித்த பெண்ணுக்கு ஒரு நகரமும் ஒரு வேலையும் காத்திருந்திருக்கக்கூடிய காலம் அது. அவர் காட்டோரத்துத் தோட்டத்துக்குப் போனார். தேஜஸ்வி இறந்து நான்காண்டு கழித்து, 2011இல், 'நன்ன தேஜஸ்வி' என்ற அவருடைய புத்தகம் வெளிவந்தது. காதலித்த நாள்கள், கடிதங்கள், தோட்டத்தின் தொடக்க காலக் கஷ்டங்கள் எல்லாம் அதில் உண்டு. அப்போது அவர் எழுபதைக் கடந்திருந்தார். 2021 டிசம்பரில் அவரும் போய்விட்டார்.

உங்களில் யாரும் "ராஜேஸ்வரி மாதிரி இருந்துவிடலாம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு பேர் சேர்ந்து தோட்டத்துக்குப் போவதாகக் கனவு காண்கிறீர்கள். கனவில் இருவரும் தேஜஸ்வியாகவே இருக்கிறீர்கள். அப்படியானால் அந்த வீட்டில் மற்ற வேலைகளை யார் செய்வது?

தேஜஸ்வியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வீட்டுக்குள் யார் எதை விரும்பி ஏற்றார்கள் என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ராஜேஸ்வரியின் எழுத்தில் நிறைவும் பெருமிதமும் இருக்கின்றன; அவற்றைக் கழித்துவிட்டு அவரைப் பரிதாபத்துக்குரியவராக ஆக்குவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. என் கேள்வி உங்களை நோக்கியது. வாசிக்கத் தெரிந்த, சிந்திக்கத் தெரிந்த, கூர்ந்து பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணின் புத்தகம் கணவர் இறந்த பிறகுதான் நம் கைக்கு வந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு புத்தகம், ஓவிய வரிசை, நாடகம் காத்துக்கொண்டிருக்கிறதா?

காப்பித் தோட்டம் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். மார்ச், ஏப்ரலில் பூ விரிவதற்கு ஒரு மழை வேண்டும். அது தவறினால் அந்த வருஷ விளைச்சலே போயிற்று. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் நாள்கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. நிழல் மரங்களின் கிளைகளை நேரத்தில் கழிக்க வேண்டும். நவம்பர் முதல் பழம் பறிப்பு. பிறகு களத்தில் காய வைத்து, கிளறி, பனிக்கு மூடி, மறுபடி திறக்க வேண்டும். வேலைக்கு வருகிறவர்களுக்கு வாராவாரம் கூலி கணக்குப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டவுனுக்குப் போக வேண்டும். இதில் எங்கேயாவது ஒரு மூலையில், பகலெல்லாம் ஒரு பல்லியின் பின்னால் அலைய ஒருவருக்கு நேரம் கிடைக்கிறது என்றால், மற்ற நேரத்தை யாரோ ஒருவர் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று பொருள்.

பல்லி என்று சும்மா சொல்லவில்லை. 'கர்வாலோ' நாவலே ஒரு பறக்கும் ஓந்தியைத் தேடிப் போகிற கதைதான். அதில் எனக்கு மிகவும் பிடித்தது மந்தண்ணா. ஊரில் யாரும் மதிக்காத, தேன் எடுத்துத் திரிகிற ஒரு பையன். அவனுடைய கண்ணில்தான் உண்மையான இயற்கை ஆய்வாளன் இருக்கிறான் என்று விஞ்ஞானி கர்வாலோ கண்டுகொள்கிறார். கதை சொல்கிறவரோ நஷ்டத்தில் நெல் விவசாயம் செய்து சலித்து, நிலத்தை விற்றுவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிற ஆள். அவர் இயற்கையிடம் மன அமைதி கேட்டுப் போகவில்லை. காடு அவருக்கு அறிமுகமானது கடன், களை, வழக்கு, பூச்சி இவற்றின் வழியாக. உங்கள் கூட்டங்களில் இயற்கை என்றவுடன் மௌனமும் பச்சையும் பறவைச் சத்தமும் வருகின்றன. தேஜஸ்வியின் பக்கங்களில் மெக்கானிக்கும் நாயும் பிரியாணி சமைக்கிறவரும் வருகிறார்கள். அந்த இரைச்சலோடு சேர்த்து ஏற்றுக்கொண்டவருக்குத்தான் காடு கதை கொடுத்தது என்பது என் துணிபு.

இன்னொரு ஜோடி. உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை ரங்கனதிட்டுக்குப் போகிறீர்கள். படகில் ஏறிச் சங்குவளை நாரைகளையும் கரண்டிவாயன்களையும் படம் பிடிக்கிறீர்கள். காவிரியின் அந்தத் தீவுகள் 1940இல் பறவைகள் சரணாலயம் ஆயின. அதற்கு மைசூரு சமஸ்தானத்தை இணங்க வைத்தவர் பறவை ஆய்வாளர் சலீம் அலி. அவரை எல்லாருக்கும் தெரியும். தெஹ்மினாவை எத்தனை பேருக்குத் தெரியும்? 1918இல் இருவருக்கும் திருமணம். 1930இல் ஜெர்மனியில் பயிற்சி முடித்துத் திரும்பிய சலீம் அலிக்குப் பம்பாயில் வேலை இல்லை. இருவரும் கடற்கரையோரக் கிராமமான கிஹிமுக்குப் போய்த் தங்கினார்கள். அங்கே, வருமானம் இல்லாத அந்த நாள்களில்தான், தூக்கணாங்குருவி எப்படிக் கூடு கட்டி இனம் பெருக்குகிறது என்பதைச் சலீம் அலி மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் பெரிய ஆய்வு அது. பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர்-கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனபோது தெஹ்மினாவும் கூடாரங்களில் கூடவே இருந்தார். வசதியாக வளர்ந்தவர் காட்டு வாழ்க்கையை விரும்பி ஏற்றார். தன் ஆங்கில நடை செம்மைப்பட்டதற்கும் அவரே காரணம் என்று சலீம் அலி நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

1939இல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்தார். சலீம் அலியைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன இந்தியப் பறவைகள் புத்தகம் 1941இல் வெளிவந்தது. ரங்கனதிட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே படகு தீவைச் சுற்றும்போதெல்லாம் எனக்குத் தெஹ்மினாவின் ஞாபகம் வருகிறது. சலீம் அலியைப் பற்றிய பாடங்களில் அவரும் ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்று மனம் கேட்கிறது.

நான் சொல்வது பெண்கள் தியாகம் செய்கிறார்கள் என்ற பழைய பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வேறு விதமாக நடந்த வீடும் உண்டு. அது இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. பந்திப்பூர், முதுமலை தாண்டி ஏறினால் நீலகிரி. அங்கே மின்துறைப் பொறியாளராக இருந்த கணவரின் பணியை ஒட்டிப் போனவர் ராஜம் கிருஷ்ணன். 'கணவருக்கு மாற்றல், மனைவி மூட்டை கட்டினார்' என்று முடிந்துபோயிருக்க வேண்டிய கதை. ஆனால் அவர் படகர் ஊர்களுக்குப் போய், மனிதர்களோடு உட்கார்ந்து பேசி, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் காலக் கணக்காக வைத்து, தேயிலையும் மின்திட்டமும் வந்தபின் அந்த மலை எப்படி மாறியது என்பதைக் 'குறிஞ்சித் தேன்' நாவலாக எழுதினார். பின்னாளில் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய் அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்த்துப் பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். பள்ளிப் படிப்பைக்கூட முழுதாக முடிக்காமல், பதினைந்து பதினாறு வயதில் கல்யாணமாகிப் போனவர் அவர். மனைவி ஒரு நாவலுக்காக ஊர் ஊராகப் போவதை அந்தத் தலைமுறையில் எத்தனை கணவர்கள் இயல்பாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்? ஒரு நல்ல நாவலுக்குப் பின்னால் இருக்கிற கணவரைப் பற்றியும் நாம் பேசப் பழக வேண்டும்.

தூண்டுதல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தால் எழுத்து தானாக வரும் என்று நம்புகிறீர்கள். எழுத்தாளர் ஆர்.கே. நாராயணும் அப்படித்தான் நினைத்து யாதவகிரியில் வீடு கட்டினார். இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறதே, அந்த வீடுதான். மாடியில் எட்டு ஜன்னல் வைத்த எழுத்தறை. ஒரு பக்கம் சாமுண்டி மலைக் கோயில், மற்றப் பக்கங்களில் கோபுரங்கள், மேய்கிற மாடுகள், போகிற ரயில். உட்கார்ந்து பார்த்தால் பார்த்துக்கொண்டேதான் இருக்க முடிந்தது, எழுத முடியவில்லை. கடைசியில் மேசைக்குப் பக்கத்து ஜன்னலுக்குத் திரை போட்டு மறைத்துவிட்டார். அதன் பிறகுதான் நாளைக்கு ஆயிரம் சொல் எழுத முடிந்ததாம். வெளியே போய்ப் பார்க்க ஒரு நேரம், உள்ளே உட்கார்ந்து செய்ய ஒரு நேரம் என்று இரண்டுமே வேண்டும். அந்த இரண்டாவது நேரம்தான் வீடுகளில் ஒருவருக்குக் கிடைக்கிறது, மற்றவருக்குக் கிடைப்பதில்லை. சேர்ந்து நடக்கப் போகிறீர்கள். திரும்பி வந்ததும் ஒருவர் மேசைக்குப் போகிறார், மற்றவர் அடுப்படிக்குப் போகிறார். பார்த்ததெல்லாம் ஒருவருக்கு வரியாகவோ கோடாகவோ மாறுகிறது. மற்றவருக்கு மதியத்துக்குள் மறந்துபோகிறது.

என் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். இதில் புதுமை ஒன்றும் இல்லை. என் கணவர் ஓவியர். காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை இரண்டு பேருக்கும் வேண்டும். வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும், தலையும் அப்போதுதான் தெளிவாக இருக்கும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பிரித்துக்கொண்டோம். இன்று அவருடைய காலை என்றால் பால், காப்பி, இட்லிப் பானை, பள்ளிக்கூடப் பை, கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், அழைப்பு மணி எல்லாம் என்னுடையவை. நாளைக்கு எல்லாம் அவருடையவை. தன் காலையை ஒருவர் எழுதவோ வரையவோ பயன்படுத்தாமல் ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாலும் மற்றவர் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் கடினமானது. பணம் வருகிற வேலை யாருக்கு வந்திருக்கிறதோ அவருக்கே எல்லாக் காலையும் போய்விடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. "எனக்குக் கெடு இருக்கிறது, உனக்குத்தான் அவசரமில்லையே" என்ற ஒரு வாக்கியம் போதும். கெடு இல்லாத வேலை முதலில் தள்ளிப்போகும், பிறகு காணாமல் போகும்.

ஆகவே நிலம் வாங்குகிற பேச்சு எடுக்கும் முன் இப்போது இருக்கிற வீட்டிலேயே ஒரு மழைக்காலம் முழுக்க இப்படி இருந்து பாருங்கள் என்பேன். வாடகை வீட்டில், இரண்டாம் மாடியில், குழாயில் தண்ணீர் வரும் வசதியோடு இருக்கும்போதே காலையைப் பங்கிட முடியாதவர்கள், மோட்டார் பழுதாகி அட்டை கடித்து மின்சாரம் போன தோட்டத்தில் எப்படிப் பங்கிடுவார்கள்?

ஏரி பற்றியும் ஒரு வார்த்தை. இதை நீங்கள் 'நம்ம ஏரி' என்கிறீர்கள், எனக்கும் அப்படியே. 1864இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், ஊருக்கு வெளியே இருந்த வயல்களுக்காக வெட்டியது. குவெம்பு இதன் கரையில் நடந்து நடந்து சூரிய உதயத்தைப் பாடினார். ஏரிக்கு நீர் கொண்டுவந்த பூர்ணய்யா கால்வாய் குடியிருப்புகள் பெருகப் பெருக அடைபட்டது. கழிவுநீர் வந்து கலப்பதைத் தடுக்கப் பல வருடம் போராட வேண்டியிருந்தது. கூழைக்கடாவைப் படம் பிடிக்கிற கையோடு, அந்தக் கால்வாய் எங்கே தொடங்கி எந்தத் தெருவில் மறைகிறது என்று ஒருநாள் இருவருமாக நடந்து பாருங்கள். இயற்கையோடு இணைவது என்று நீங்கள் சொல்வதில் இதுவும் அடக்கம் என்றே எண்ணுகிறேன். ஏரிக்கு வேலை செய்கிறவர்களையும் அங்கே சந்திப்பீர்கள். வலை எடுத்து ஆகாயத்தாமரை அகற்றுகிறவர்களிடம் எந்தக் குளிர்காலத்தில் எந்தப் பறவை குறைந்தது என்று கேளுங்கள். மந்தண்ணாக்கள் மூடிகெரேயில் மட்டும் இல்லை.

குவெம்பு பேர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய 'ஸ்ரீ ராமாயண தர்சனம்' காவியத்தில் ஊர்மிளைக்கு ஒரு பெரிய இடம் இருக்கிறது. இலக்குவன் அண்ணனோடு காட்டுக்குப் போகிறான். அவன் மனைவி பதினான்கு வருஷம் என்ன செய்தாள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. குவெம்பு கேட்டார். அவள் இருந்த இருப்பைத் தவமாகவே பாடினார். மகனுக்குக் கல்யாணம் வந்தபோது வரதட்சணையும் புரோகிதமும் ஆடம்பரமும் இல்லாத, ஆணும் பெண்ணும் சமம் என்று உறுதி சொல்லிச் செய்கிற 'மந்த்ர மாங்கல்ய' முறையை வகுத்தவரும் அவர்தான். 1966இல் தேஜஸ்வியும் ராஜேஸ்வரியும் அப்படித்தான் மணந்தார்கள். அதற்குப் பிறகு கர்நாடகத்தில் எத்தனையோ பேர் அந்த வழியில் மணம் செய்திருக்கிறார்கள். உங்களிலும் சிலர் உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த உறுதிமொழியில் நீங்களாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: உன் வேலைக்கான நேரத்தை என் வேலைக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று. கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவர்களும் சேர்த்துக்கொள்ளலாம். சாட்சிக்கு ஊரைக் கூட்ட வேண்டியதில்லை.

வளர்ச்சி என்று நீங்கள் அடிக்கடி பேசுகிறீர்கள். ஒருவர் வளர்வதை மற்றவர் பெருமையோடு பார்த்துக்கொண்டிருப்பது அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் இருபது வருஷம் கழித்து ஒரே மேடையில் ஒருவருக்கு மாலையும் மற்றவருக்கு "இவர் இல்லாமல் இது நடந்திருக்காது" என்ற ஒரு வாக்கியமும் கிடைப்பதற்காக நீங்கள் இருவரும் கலைக்கு வரவில்லை. கல்லூரியில் உங்களில் சில ஜோடிகளின் கோட்டோவியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். நாடகத்தில் இருவருக்கும் வசனம் இருந்தது. அந்த இரண்டு பேரையும்தான் எனக்குத் தெரியும், இரண்டு பேரையும்தான் நேசிக்கிறேன்.

அடுத்த முறை கூடும்போது ஒரு மாற்றம் செய்யலாமா? வழக்கமாகப் பேசுகிறவர்கள் அன்றைக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும், காப்பி கலக்கட்டும். வழக்கமாகக் காப்பி கலக்குகிறவர் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பாதியில் நின்ற கதை, மூன்று வருஷமாகச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த கான்வாஸ், பாடிப் பதிவு செய்து யாருக்கும் அனுப்பாத பாட்டு, எதுவாக இருந்தாலும் சரி. கன்னடமோ தமிழோ துளுவோ, எந்த மொழியில் இருந்தாலும் கேட்க நாங்கள் வருகிறோம். 'நன்ன தேஜஸ்வி' என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு இரவல் தருவேன். ஒரே நிபந்தனை, தம்பதி இருவரும் படித்துவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும்.

அன்புடன்,
உங்களோடு அதே கரையில் நடக்கும் ஒருத்தி